மின்கசிவை மல்டிஃபெரோயிக் என்று எழுதாதீர்கள்

போன வாரம் இன்னொரு ஆய்வேடு மேசைக்கு வந்தது. கோபால்ட் சேர்த்த ஹெக்ஸாஃபெரைட் என்ற காந்தப் பீங்கான், அறை வெப்பநிலையிலேயே மல்டிஃபெரோயிக் (அதாவது காந்தமாகவும், தானே நிலைக்கும் மின்முனைவு கொண்டதாகவும் ஒருசேர இருப்பது) என்று தலைப்பு. ஆதாரம் ஒரு பி-இ லூப், அதாவது மின்புலத்தை ஏற்றி இறக்கி முனைவை வரைந்த வளையம்: நடுவில் உப்பி, இரண்டு முனையும் மழுங்கி உருண்டிருக்கிறது. கூடவே 100 ஹெர்ட்ஸில் பல ஆயிரத்தைத் தாண்டும் டைஎலெக்ட்ரிக் மாறிலி (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறனின் அளவு). மின்னாற்றல் எவ்வளவு வீணாகிறது என்று காட்டும் டான் டெல்டா வரைபடத்தை மட்டும் காணோம். கேட்டால், "அது நல்லா வரல சார், அதான் போடல" என்று பதில்.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்திலிருந்து அளவீட்டுக்கு வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார்கள். அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. கையெழுத்துப் போடும் வழிகாட்டிகளைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் கறுப்பாக வட்டக் காந்தம் இருக்குமே, அதுவும் ஹெக்ஸாஃபெரைட் குடும்பம்தான். காந்தமாக இருப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பேரியம் ஃபெரைட் சுமார் 450 டிகிரி வரை காந்தமாகவே இருக்கும்.   சிக்கல் மின்பக்கத்தில்தான்.

லூப் வந்துவிட்டால் ஃபெரோஎலெக்ட்ரிக் (மின்முனைவு தானே நிலைத்து, மின்புலத்தால் திரும்பக்கூடிய பொருள்) என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். கருவி எண்ணுவது மின்னூட்டத்தை மட்டும். முனைவு திரும்பியதால் வந்த மின்னூட்டமா, பெல்லட்டுக்குள் (பொடியை அழுத்திச் சுட்ட வில்லைக்குள்) கசிந்து ஓடிய மின்னூட்டமா என்று அதற்குத் தெரியாது. ஃபெரோஎலெக்ட்ரிக் ஆய்வாளர் ஜே. எஃப். ஸ்காட் 2008இல் வாழைப்பழத் தோலில் மின்முனை வைத்து லூப் எடுத்துக் காட்டினார். நம் ஆய்வேடுகளில் வருகிற அதே உருண்டை லூப்! வாழைத் தோலை யாராவது ஃபெரோஎலெக்ட்ரிக் என்போமா?

முனையை உற்றுப் பாருங்கள். மின்புலம் உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கிய பிறகும் அதன் திசை மாறவில்லை. எனவே கசிவு அதே பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், மின்னூட்டமும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் முனை உருள்கிறது. நிஜமான ஃபெரோஎலெக்ட்ரிக்கில் முனை கூர்மையாக இருக்கும், மேல்பக்கம் தட்டையாகப் படியும். அதிர்வெண்ணைக் குறைக்கக் குறைய லூப் கொழுத்துக்கொண்டே போனால் கசிவைச் சந்தேகியுங்கள்.

ஹெக்ஸாஃபெரைட் ஏன் கசிகிறது என்பது தெரிந்த கதைதான்: 1200 டிகிரிக்கு மேல் சின்டரிங் செய்தால் (சூட்டில் இறுக்கினால்) ஆக்ஸிஜன் போகும், இரும்பு அயனிகளில் சிலவற்றின் மின்னூட்டம் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும், அவற்றுக்கிடையே எலெக்ட்ரான் தாவும், அதுதான் கசிவு.

உண்மையான கணக்கையும் பார்த்துவிடுவோம். 2005இல் கிமுரா குழு ஒய் வகை ஹெக்ஸாஃபெரைட்டில் (ஒய், இசட் என்பவை படிக அடுக்கு வகைகள்) காந்தப்புலம் கொடுத்து மின்முனைவை வரவழைத்தது. 2010இல் கிடகாவா குழு ஸ்ட்ரான்ஷியம் கோபால்ட் இசட் வகையில் அறை வெப்பநிலையிலேயே, குறைந்த காந்தப்புலத்தில் அதைக் காட்டியது. அங்கே கிடைத்த முனைவு, சதுர மீட்டருக்குச் சில பத்து மைக்ரோகூலும். நம் ஆய்வேடுகளில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோகூலும் என்று சர்வ சாதாரணமாக எழுதியிருக்கும். அது சதுர மீட்டருக்கு 10,000! ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) கூம்பு போல் சாய்ந்து சுற்றுவதால் வரும் முனைவு இவ்வளவு பெரிதாக வராது. காந்தப்புலம் வைத்து அளந்தீர்களா என்று கேட்டால் அதுவும் இல்லை.

இதோடு நம் கடற்கரையும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது அடுப்படி உப்பே நீர்த்துப்போகும் ஊர் இது. நுண்துளை நிறைந்த பெல்லட் மட்டும் சும்மா இருக்குமா? நீரின் டைஎலெக்ட்ரிக் மாறிலி 80க்குப் பக்கம். அதில் உப்பு அயனிகளும் சேர்ந்தால் குறைந்த அதிர்வெண்ணில் எண் எங்கோ போய்விடும். ஒரே பெல்லட்டை ஓவனில் காயவைத்துத் திரும்ப அளந்து பாருங்கள், உங்கள் ஆயிரங்கள் கண்முன்னே சரியும். ஹெக்ஸாஃபெரைட்டின் சொந்த மாறிலி, மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் தெரிவது, சில பத்துகள்தான். போன வாரம் வந்த பெல்லட் டப்பாவில் இருந்த நீலச் சிலிக்கா ஜெல் ஈரம் ஏறி எப்போதோ இளஞ்சிவப்பாகியிருந்தது. அதை யாரும் பார்க்கவே இல்லை.

ஆகவே, பெல்லட்டை 150 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து, வெற்றிடத்திலோ உலர் நைட்ரஜனிலோ அளக்கவும். மின்முனைக்காகப் பூசிய சில்வர் பேஸ்ட் விளிம்பில் வழிந்திருந்தால் உரசி எடுத்துவிட்டு அளக்கவும். சின்டரிங் முடிந்ததும் ஆக்ஸிஜனில் மெதுவாக ஆறவிடவும். நடுவில் கரண்ட் போனால் அந்த பெல்லட்டை ஒதுக்கிவிடவும். பண்ட் (PUND) என்ற துடிப்பு முறையில் ஒரே திசையில் இரண்டு துடிப்பு கொடுத்துக் கழித்துப் பார்க்கவும்: முதலாவதில் முனைவு திரும்பலும் கசிவு முதலியவையும் இருக்கும், இரண்டாவதில் திரும்பல் இருக்காது. டான் டெல்டாவை மறைக்கவே வேண்டாம்.

கழித்தபின் ஒன்றும் மிஞ்சவில்லையா? சரி, தலைப்பை மாற்றுங்கள். காந்த அனிசோட்ரபி, மைக்ரோவேவ் உறிஞ்சல், மின்தடை என்று அதே பெல்லட்டை வைத்து நேர்மையாக எழுத நிறைய இருக்கிறது. வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து பதிவுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், நாலு வருடம் கழித்து வைவாவில் அந்தப் பிள்ளை திணற வேண்டாம். இனி லூப் எடுக்க வருபவர்கள் காய்ந்த பெல்லட்டையும் டான் டெல்டா தரவையும் சேர்த்துக் கொண்டுவரவும். இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.