ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

சென்ற மாதம் 10ஆம் தேதி, இரவு எட்டரை மணி. நான் வரிக்கணக்கு பார்த்துக்கொடுக்கும் ஆள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். "சார், ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மாத்தலாம்னா ஓடிபி வரமாட்டேங்குதுங்க." அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆறு வருடம் அவரிடம் கணக்கு எழுதிவிட்டு, முந்தைய வாரம் வேலையை விட்டு நின்ற பையனின் நம்பருக்கு. அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

வேலை தெரிந்த ஒரே ஆள் போனதும் எல்லாம் நின்றுபோவது, இந்த வருடத்தில் இது மூன்றாவது கேஸ். அதனால் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

பையன் மேல் தப்பே இல்லை. முறையாக ஒரு மாத நோட்டீஸ் கொடுத்திருக்கிறான். கடைசி நாள் பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, எல்லோரும் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த முப்பது நாளில் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிப்பா செய்யறே, ஒரு தடவை காட்டு" என்று கேட்கவில்லை. மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா 'நியூ', 'நியூ 2', 'ஃபைனல் நியூ' என்று மூன்று ஃபோல்டரில் கிடந்தது. முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மேஜை டிராயரில். பின் நம்பர் எழுதிய பிளாஸ்திரி அதன் மேலேயே ஒட்டியிருந்தது. அதைக்கூட யாராவது எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு வேலை மிச்சமாகியிருக்கும்.

நம்பரை மாற்ற, சரக ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் நின்றோம். முடிவதற்குள், விற்பனை பில்களைப் பதிவேற்றக் கடைசி நாளான 11ஆம் தேதி போய்விட்டது. 14ஆம் தேதி, சரக்கு வாங்கியவரின் 2பி-யில், அதாவது அவர் வரியைக் கழித்துக்கொள்ளப் பார்க்கும் பட்டியலில், இவருடைய பில்கள் ஏறவில்லை. உடனே அவர் வரித்தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்பினார். 20ஆம் தேதிக்குள் போடவேண்டிய மாத வரிக்கணக்கான 3பி-யை 29ஆம் தேதிதான் போட முடிந்தது. "ஒம்பது நாளுக்கு நானூத்தம்பது ரூபா லேட் ஃபீ, அவ்வளவுதானுங்களே சார்?" என்கிறார் முதலாளி. 18 சதவீத வட்டியை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கட்டிய காசைவிடக் கைக்கு வராமல் நின்ற காசுதான் பெரிது என்பதையும்.

சரி, "வேலை செய்யும் முறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "எழுதி வெச்சா ரகசியம் வெளியே போயிடுங்க." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எந்த ரகசியம்? அது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சாயம் போடும் உங்கள் டையிங் மாஸ்டரின் பைக்கில் ஏறி கேட்டைத் தாண்டித்தானே போகிறது? ஒரு சாயப்பட்டறையில் பார்த்தேன். பழைய நேவி ப்ளூவுக்கு ரிப்பீட் ஆர்டர். மாஸ்டர் போய்விட்டார். ஒப்புதலான லேப் டிப், அதாவது மாதிரிக்குச் சாயம் போட்ட துண்டுத் துணி, கார்டில் ஒட்டியிருக்கிறது. பின்னால் ரெசிபி இல்லை. உப்பு எவ்வளவு, சோடா ஆஷ் எந்த நிமிடத்தில், எதுவும் இல்லை. நாலு லேப் டிப் அனுப்பி நாலும் திரும்பி வந்தது. ஒரு பேச்சுக்கு, அந்த ரெசிபி எழுதப்பட்டு பக்கத்துப் பட்டறைக்கே போயிருந்தாலும் அங்கே அதே ஷேடு வந்திருக்காது. சாயக்கழிவு நீரை வெளியே விடக்கூடாது என்று 2011இல் உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, பட்டறைகள் சுத்திகரித்த தண்ணீரைத்தான் திரும்ப எடுக்கின்றன. தண்ணீர் வேறு, மெஷின் வேறு, ஷேடும் வேறு. எழுதாததால் நஷ்டப்பட்டது ஒரே ஒரு ஆள், அந்தப் பட்டறைக்காரர்தான்.

இன்னும் சிலர் பத்திரம் எழுதச் சொல்லி வருவார்கள்: "இங்கிருந்து போனா ரெண்டு வருஷம் எந்த டையிங்லயும் சேரக்கூடாதுன்னு போடுங்க." இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. வேலையை விட்ட பிறகு ஒருவன் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஸ்டாம்ப் பேப்பர் காசுதான் தண்டம்.

தொழிலாளி ஏன் சொல்லித்தர மாட்டேன் என்கிறான்? சொல்லிக்கொடுத்த மறுமாதமே பாதிச் சம்பளத்துக்குப் புது ஆள் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்தான். அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்ததற்காக ஆயிரம் ரூபாய் சம்பளம் ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

எங்கள் தொழிலிலும் குற்றவாளிகள் உண்டு. ஜிஎஸ்டி பதிவு எடுக்கும்போதே தன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடும் ஆட்களைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் விட்டுப் போகக்கூடாதாம்.

கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். பட்டன் போன் போதும், அலுவலகத்தைவிட்டு அது வெளியே போகக்கூடாது. மெயில் ஐடி கம்பெனியுடையதாக இருக்கட்டும். சாஃப்ட்வேர் வாங்கினால்தான் செய்ய முடியும் என்று காத்திருக்காதீர்கள். பக்க எண் போட்ட ஒரு நோட்டு, இல்லாவிட்டால் மெஷின் பக்கத்தில் நின்று போனில் எடுத்த வீடியோ போதும். தமிழிலேயே எழுதட்டும். படிக்கப்போவது உங்கள் ஆட்கள்தானே. எழுதியதை முதலாளி சரிபார்த்துப் பயனில்லை. நேற்றுச் சேர்ந்த பையனிடம் கொடுங்கள். அவன் எந்த வரியில் நின்று சந்தேகம் கேட்கிறானோ, அங்கே எழுதுகிறவர் எதையோ விட்டிருக்கிறார்.

முக்கியமான இருக்கையில் இருப்பவருக்கு வங்கிகள் வருடத்துக்குப் பத்து வேலை நாள் சேர்ந்தாற்போல் கட்டாய விடுப்பு கொடுக்கின்றன. மோசடியைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கி வைத்த விதி அது. நமக்கு வேறு காரணத்துக்கு உதவும். உங்கள் கணக்கரை ஒரு வாரம் பழனிக்கோ ஊட்டிக்கோ அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் எது எது நிற்கிறது என்று பாருங்கள். தயவுசெய்து அந்த வாரம் அவருக்குப் போன் போடாதீர்கள்.

போன வாரம் அதே பனியன் கம்பெனிக்காரர் வந்திருந்தார். புது நம்பர் பதிவாகிவிட்டது, இனி கவலையில்லை என்றார். யாருடைய நம்பர் என்று கேட்டேன்.

"மச்சானுதுங்க சார். அடுத்த மாசம் துபாய் போறான்."