டிராவல் கிளப்பில் சேர்க்கும் முன் வாரத்தின் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கால்பந்து ஆடும் 11 வயதுப் பையன். குதிகாலை ஊன்ற முடியாமல் நுனிக்காலில் நடந்தே எங்கள் கிளினிக்குக்குள் வந்தான். குதிகாலின் இரு பக்கமும் விரல்களால் லேசாக அழுத்தியதும் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை. எப்போதிலிருந்து வலி? அப்பாவைப் பார்த்தான். "ரெண்டு மாசமா இருக்கும் போல ஆன்ட்டி. ஆனா அடுத்த வாரம் ட்ரைஅவுட் இருக்கு."

நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ட்ரைஅவுட் என்பது கிளப்பில் ஆள் எடுக்கும் தேர்வு. மே, ஜூன் வந்தால் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் போகாது.

அவன் அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, பையனின் ஒரு வாரத்தை எழுதச் சொன்னேன். ஊர் டீமில் இரண்டு நாள் பயிற்சி, டிராவல் கிளப்பில், அதாவது வெளியூர் போய் ஆடும் தனியார் கிளப்பில், இரண்டு நாள் பயிற்சி, எல்லாம் ஒன்றரை மணி நேரம். சனி, ஞாயிறு நாளுக்கொரு மேட்ச், வார்ம்-அப்பையும் சேர்த்தால் இரண்டிரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை தனிக் கோச்சிடம் ஒன்றரை மணி நேரம். ஓட்ட வேகத்துக்கென்று ஒரு மணி நேர வகுப்பு வேறு. கூட்டினால் பன்னிரண்டரை மணி நேரம். எழுதி முடித்துவிட்டு அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனித்தனியாகப் பார்த்தபோது எதுவும் அதிகமாகத் தெரியவில்லை என்றார். உண்மைதான். கணக்கு சேர்ந்து வருவது குழந்தையின் காலில்தான்.

அவனுக்கு வந்திருந்தது சீவர்ஸ். குதிகால் எலும்பின் பின்பக்கம் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு. பின்னங்கால் தசையின் நாண் அந்த இடத்தில்தான் வந்து பிடித்திருக்கும். மளமளவென்று உயரும் வயதில் எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை நீளாது. நாண் இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஓட்டம், திடீர் நிறுத்தம், மெத்தென்று இல்லாத கால்பந்து ஷூ எல்லாம் சேர்ந்தால் அந்த இடம் ரணமாகிவிடும். இதே கதை முழங்காலுக்குக் கீழே நடந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். அங்கே எலும்பு முட்டாகத் துருத்தி நிற்கும். இரண்டும் பயப்பட வேண்டிய நோயல்ல. சுமையைக் குறைத்தால் ஆறிவிடும். குறைக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் முதலில் சொல்லும் கணக்கு ரொம்ப எளிது. வாரத்தில் கோச் வைத்து ஆடும் நேரம் குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது. 9 வயதுக்கு 9 மணி நேரம், அதற்குள்தான். 2015-ல் சிகாகோ பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு அளவுக்கு மீறிய பயன்பாட்டால் வரும் காயங்கள் கூடுதலாக இருந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் சொன்னது இன்னும் தெளிவு: வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வு, ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மூன்று மாதமாவது விலகல், அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்து எடுத்தாலும் சரி, ஒரே விளையாட்டு என்ற முடிவைப் 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது. கிளப்பின் வருட அட்டவணையில் இந்த மூன்று மாதம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இலையுதிர் சீசன், குளிர்காலத்தில் இண்டோர், வசந்த சீசன், கோடையில் கேம்ப் என்று நிரப்பிவைத்திருந்தால், அதில் எதை விட்டாலும் டீமில் இடம் போகாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்ப் பெற்றோரிடம் நான் அதிகம் கேட்பது லீக்கின் பெயர்தான். இசிஎன்எல் நல்லதா, எம்எல்எஸ் நெக்ஸ்டா? 2020-ல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் இளையோர் லீக்கான டெவலப்மென்ட் அகாடமியை மூடியபின் இந்த எழுத்துக்கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. 13 வயதுக்குக் கீழே அந்த எழுத்துகளுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அந்த வயதில் குழந்தைக்கு வேண்டியது பந்தைத் தொடும் வாய்ப்பு. அதனால்தான் 8 வயது வரை நாலு பேர், 10 வரை ஏழு பேர், 12 வரை ஒன்பது பேர் என்று சிறு களத்தில் ஆடவைக்கிறார்கள். ஒன்பது பேர் ஆடும் டீமுக்குப் பதினாறு பேரை எடுத்திருந்தால் எந்த நிமிடமும் ஏழு பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி, ஒன்றரை மணி நேரம் காரோட்டிப் போய், பிள்ளை பெஞ்சில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை எனக்குத் தெரியும். "என் பையன் எத்தனை நிமிடம் ஆடுவான்?" என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

டாப் டீமில் இடம் கிடைக்கவில்லை என்று மனம் உடைந்துபோகும் குழந்தைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2017-லிருந்து ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களை ஒரே வயதுப் பிரிவாக வைத்திருந்தார்கள். ஜனவரியில் பிறந்த 9 வயதுக் குழந்தைக்கும் டிசம்பர் குழந்தைக்கும் உயரம், வேகம், பலம் எல்லாவற்றிலும் வித்தியாசம் இருக்கும். கோச்சின் கண்ணுக்கு அது திறமையாகப் பட்டது. 2026-27 சீசனிலிருந்து பெரும்பாலான லீக்குகள் இதை ஆகஸ்ட் 1-ல் தொடங்கும்படி மாற்றுகின்றன. நேற்றுவரை கடைக்குட்டியாக இருந்த அக்டோபர் குழந்தை இனி பிரிவில் மூத்தவன். குழந்தை அதே குழந்தைதான். தேதி மாறியதும் 'திறமைசாலி' ஆகிவிடுகிற ஒரு பட்டியலை வைத்து 9 வயதில் யாரையும் எடைபோட வேண்டாம்.

கிளப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற கோச், தன் அளவுக்கு ஆடக்கூடிய நண்பர்கள், தோற்றுவிட்டு அடுத்த நாளும் வந்து நிற்கும் பழக்கம், இவையெல்லாம் நல்ல கிளப்பில் கிடைக்கும். பள்ளிவிட்டு வந்ததும் தானே பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிற குழந்தைக்கு பொழுதுபோக்காக ஆடும் ஊர் ரெக் லீக் ஒரு கட்டத்தில் போதாமல் போகும். அப்போது மேலே அனுப்புவதுதான் நியாயம். ஆனால் அந்த ஓட்டம் குழந்தையிடமிருந்து வர வேண்டும்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கணக்கில் இதில் இறங்குபவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். நம்மில் பலர் கனவு காணும் ஐவி லீக், விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகளும் தருவதில்லை. முதல் பிரிவான டிவிஷன் 1-ல் ஆண்கள் கால்பந்துக்கு 2025 வரை ஒரு டீமுக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு, அதையும் இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பகிர்ந்தார்கள். இப்போது புது விதியை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்த வரம்பு போய், டீமில் 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்குப் பணம் என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. பத்து வருடம் கிளப்புக்குக் கட்டும் பணத்தைக் கல்லூரிக் கணக்கில் போட்டுவைத்தால் அது நிச்சயமான உதவி.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்களிடம் தனியாகப் பேச ஆசைப்படுகிறேன். பருவமடையும் வயதுக்குப் பின், முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடியும், ஒரு 'டப்' சத்தம், அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அந்த ஒன்பது மாதத்தை அவர்களோடு சேர்ந்து கடக்கிற வேலை என்னுடையது. 14 வயதுப் பெண், டீமின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் மேட்ச் படங்களைப் போடும்போது, என் மேஜையில் படுத்துக்கொண்டு முழங்காலை நீட்டப் பழகுவதைப் பார்ப்பது எளிதல்ல. ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது. இருபது நிமிடம், பதினைந்து பயிற்சிகள், வாரத்தில் இரண்டு முறையாவது. ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, சரியாகக் குதித்து இறங்குவது. இதை ஒழுங்காகச் செய்யும் டீம்களில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசு செலவில்லை, கருவி வேண்டாம். ஆனாலும் களத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு நேராக ஷூட்டிங் தொடங்கும் கோச்சுகளை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அந்தப் பையனிடம் வருகிறேன். வாரத்தில் ஒன்றை விடலாம் என்றால் எதை விடுவாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை என்றான். ஏன்? "அன்னிக்குதான் எங்க தெருவுல எல்லாரும் விளையாடுவாங்க." கோச் இல்லாமல், சீருடை இல்லாமல், நண்பர்களோடு ஆடும் கால்பந்து. தனிக் கோச்சுக்குப் பதில் அதை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தோம், வேக வகுப்பையும் நிறுத்தினோம். ஆறு வாரம் சுமையைக் குறைத்து, பின்னங்கால் தசையைப் பழக்கி, ஷூவுக்குள் குதிகால் மெத்தை வைத்தோம். ட்ரைஅவுட்டுக்கு அந்த வருடம் போகவில்லை. ஊர் டீமில் தொடர்ந்தான்.

நீங்கள் இப்போது ஒரு கிளப்பைப் பார்த்துவைத்திருந்தால், பணம் கட்டும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சொல்லாமல் போய் ஓரமாக நில்லுங்கள். வார்ம்-அப்புக்கு எத்தனை நிமிடம் தருகிறார்கள், தவறு செய்த பிள்ளையிடம் கோச் எந்தக் குரலில் பேசுகிறார், பயிற்சியில் எத்தனை பேர் வரிசையில் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள். 10 வயதுக் குழந்தைகளையோ அதற்கும் சிறியவர்களையோ தலையால் பந்தை முட்டவிட்டால் அங்கே நிற்கவே வேண்டாம், 2015-ல் அறிவிக்கப்பட்ட தடை அது. பாதியில் விலகினால் பணம் திரும்பி வருமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அப்புறம் அங்கே நொண்டிக்கொண்டே ஆடும் குழந்தை யாராவது இருந்தால், அந்தக் குழந்தையை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று பாருங்கள்.