பொத்தான் செடி வாங்குமுன் வேரையும் உறையையும் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு ஓரத்தில் உள்ள நமக்வாலாந்து, ரிக்டர்ஸ்வெல்ட் பகுதிகளின் வறண்ட பாறைச் சரிவுகள்தான் பொத்தான் செடி எனப்படும் கோனோஃபைட்டத்தின் வீடு. இரண்டு இலைகள் ஒட்டிச் சட்டைப் பொத்தான் போல உருண்டிருக்கும். பாறை வெடிப்பில் கொஞ்சம் மண் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். மழை வரும் பருவத்தில் நடுப்பிளவிலிருந்து பூ எழும்பும். சில இனங்கள் இரவில் மலர்ந்து, மணத்தால் அந்துப்பூச்சிகளை அழைக்கும்.

அங்கே மழை குளிர்காலத்தில். கோடையில் பழைய இலைச்சோடி வற்றிக் காகித உறையாகி, உள்ளிருக்கும் புதுச்சோடியை வெயில் படாமல் மூடிக்கொள்ளும். செடி பட்டுப்போனது போலவே தெரியும். பட்டுப்போகவில்லை, உறங்குகிறது. அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். நம் பக்கம் அந்த உறக்கம் ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை.

2019க்குப் பிறகு இந்தச் செடிகளைத் திருட்டுத்தனமாகப் பெயர்த்து, இணையத்தில் வெளிநாடுகளுக்கு விற்பது பெருகியது. ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழும் இனங்கள் இதில் உண்டு. நாலு பேர் ஓர் இரவில் மூட்டை கட்டினால் அந்த இனமே போய்விடும். பறிமுதல் செய்தாலும் திரும்ப நடுவது கடினம். எந்தச் சரிவில் எடுத்தது என்றே தெரியாது, வேர்களும் அறுந்திருக்கும்.

காட்டிலிருந்து பெயர்த்த செடியை அடையாளம் காணலாம். பழைய உறைகள் அடுக்கடுக்காகக் கருத்துப்போய் ஒட்டியிருக்கும். அடியில் கட்டை போல முற்றிய கழுத்து, முறிந்த தடித்த வேர், இடுக்குகளில் பாறைத்துகள், வெயில் தழும்பு, பூச்சி கடித்த வடு. ஒரே விற்பனையாளரிடம் முப்பது நாற்பது தலைகள் (இலைச்சோடிகள்) கொண்ட முதிர்ந்த கொத்துகள் நிறைய இருந்தால் சந்தேகப்படுங்கள். மெதுவாக வளரும் செடியில் அந்த அளவு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். நாற்றங்காலில் வளர்ந்தவை ஏறக்குறைய ஒரே அளவில், தழும்பின்றி, மெல்லிய நார்வேர்களோடு இருக்கும். எந்த ஆண்டு விதைத்தது என்று கேளுங்கள். வேர்ப் படமும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் இறக்குமதி அனுமதியும் பூச்சி, நோய் இல்லை என்று அந்த நாடு தரும் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம். 'பரிசுப் பொருள்' என்று எழுதி அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

விதை வாங்குவதே நல்லது. தூசி போல இருக்கும் விதையை, இரண்டு பங்கு பருமணலும் ஒரு பங்கு சலித்த மண்ணும் கலந்த கலவையின் மேல் தூவுங்கள், மண்ணால் மூடக் கூடாது. இரவு குளிரும் மாதங்களில் விதைத்து, தொட்டியை அடியிலிருந்து நனைத்து, முளைக்கும் வரை கண்ணாடியால் மூடி வையுங்கள். இரவிலும் வெக்கை தணியாத சமவெளியில் பெரும்பாலும் தேறாது. கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் வாய்ப்பு அதிகம்.