பாற்சோற்றைத் தொடாத கைகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், இலங்கையின் குருநாகல் பக்கத்துச் சிங்களக் கிறிஸ்தவ சபையொன்றையும் வடக்கே வன்னியிலுள்ள தமிழ்ச் சபையொன்றையும் ஒரே ஆராதனையில் கூட்டினேன். திகதியைக் குறித்தவன் நான்தான். வன்னியிலிருந்து இரண்டு பஸ்களில் வந்தார்கள். சிங்களத் தாய்மார் விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி, தேங்காய் துருவி, பாற்சோறு ஆக்கி, வாழையிலையில் பரப்பி, துண்டு துண்டாக வெட்டிக் கட்டச் சம்பலோடு அடுக்கி வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய வரவேற்பு அவர்களுக்குத் தெரியாது. குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும்போதும், புத்தாண்டு விடியலிலும், புதுவீடு குடிபுகும்போதும் முதலில் பரிமாறுவது அதைத்தான்.

வந்த தாய்மாரில் பலர் தட்டைத் தொடவில்லை. ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். சமைத்தவர்களின் முகம் வாடிப்போனது. "நாங்கள் சிங்களவர் என்றபடியாலா சாப்பிடவில்லை, ஃபாதர்?" என்று ஒருவர் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் யோசிக்காமல் விட்டது என் பிழை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்த செய்தி வந்தபோது, தெற்கின் தெருக்களில் போவோர் வருவோருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். யுத்தம் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் கடைசி வாரங்களில் சனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். இன்றும் ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்துதான் இறந்தவர்களை நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட மாதத்தில், அப்படிப்பட்டவர்களின் முன்னால், பாற்சோற்றுத் தட்டை வைக்க நான் இடம்கொடுத்திருக்கிறேன்.

எழுந்து நின்று இதைச் சிங்களத்தில் சொன்னேன். மண்டபம் அடங்கிப்போனது. கொஞ்ச நேரத்தின் பின் ஒரு முதிய தாய் பேசினார். தானும் அன்று சந்தியில் நின்று பாற்சோறு கொடுத்தவர்தான் என்றார். அவருடைய மகன் இராணுவத்தில் இருந்தவன். 1996 யூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது காணாமற்போனவன். "யுத்தம் முடிந்தால் ஏதாவது சிறையிலிருந்து வந்துவிடுவான் என்று நம்பித்தான் கொடுத்தேன், நங்கி" என்றார். நங்கி என்றால் தங்கை. எதிரே இருந்த வன்னித் தாய் அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கும் முன்பே விளங்கிக்கொண்டார். அவருடைய மகளும் காணாமல் ஆக்கப்பட்டவள். இருவரும் பிள்ளைகளின் வயதைக் கேட்டுக்கொண்டார்கள். வேறெதுவும் கதைக்கவில்லை.

அன்றுவரை நான் நடத்திய "பண்பாட்டுப் பரிமாற்றம்" எல்லாம் உடுப்பும் உணவும் பாட்டும்தான். அவை வேண்டாதவை அல்ல. வெள்ளைக் கொடி கட்டிய சிங்களச் சாவீட்டுக்கு வெள்ளை உடுத்திப் போகவேண்டும், தமிழில் போதகரைக் கூப்பிடும் "ஐயா" சிங்களத்தில் அண்ணனைக் குறிக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பண்டத்தின் செய்முறையைக் கற்றுவிட்டு, அது அடுத்தவர் வாழ்க்கையில் எந்த நாளில் வந்தது என்று கேட்காவிட்டால், நல்லெண்ணத்தோடேயே காயப்படுத்திவிடுவோம்.

மொழியிலும் இதே கதைதான். கூட்டு ஆராதனைகளில் மூன்று சிங்களப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு. பிரசங்கம் சிங்களத்தில், கடைசியில் தமிழில் ஒரு சுருக்கம். ஏற்பாடு செய்பவர்களுக்கு அது நேரப் பிரச்சினை. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை அனுபவித்த குடும்பத்தில் வந்தவருக்கு அது நேரப் பிரச்சினை அல்ல. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டபோது ஆதிச் சபை என்ன செய்தது என்று பாருங்கள். பொறுப்புக்குத் தெரிந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்திடமே பங்கீட்டை ஒப்படைத்தார்கள். நம் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை எழுதுவது யார் என்பதை இந்த அதிகாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கொங்கணி பேசும் கோவாவிலிருந்து 1687இல் இங்கு வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மக்களுக்கும் பணிசெய்தார். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் 1963 முதல் இரு மொழி மாணவர்களும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். பணிக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: அடுத்த மொழியில் ஜெபிக்கப் பழகுமுன், சாவீட்டில் ஆறுதல் சொல்லப் பழகுங்கள்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயப்பட்டவரிடம் "மன்னித்துவிடு" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வது நம்மிடம் பரவலாக இருக்கிறது. 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களின் பின், குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தாமும் ஒரு சிங்களவராக நின்று, நாம் வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தம் மக்களிடம் சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் காலமானார். அவர் தம் பக்கத்தாரைப் பார்த்துப் பேசினார். யாழ்ப்பாணத்தவனான நானும் அப்படியே பேச வேண்டியவன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றியபோது எங்கள் தெருக்களில் பெரும்பாலும் மௌனம்தான் இருந்தது. அதை என் சபையில் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

அடுத்த கூட்டத்தை மே மாதத்தில் வைக்கவில்லை. இரண்டு வாரம் முன்னதாகவே அந்த முதிய தாய் தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன சமைக்கலாம் என்று வன்னியில் கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டேன். தாங்களே மா வறுத்துக்கொண்டு வருவதாகவும், தேங்காயும் அடுப்பும் இருந்தால் அங்கேயே புட்டு அவிப்பதாகவும் சொன்னார்கள். பாற்சோற்றை வைத்துவிட்டு வெளியே போன அந்தத் தாய் அதற்கும் வரவில்லை. அவரை வற்புறுத்திக் கூட்டிவரும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை.