மான் பண்ணையை நடத்தும் கடிகாரம்

நியூசிலாந்தில் மாடு வளர்த்த ஒருவர் அதே நிலத்தில் மான் வளர்க்க முடிவு செய்தால், முதலில் கையைக் கடிப்பது வேலிதான். அங்கே வளர்க்கும் செம்மான் என்ற மான் இனம் எம்பித் தாண்டிவிடும் என்பதால், ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்குக் கம்பி வலை கட்ட வேண்டும். ஒரு மாட்டின் மேய்ச்சலில் ஏறக்குறைய மூன்று பிணைகளுக்கு, அதாவது பெண் மான்களுக்கு, வயிறு நிறைந்துவிடும் என்ற கணக்கு அதன் பிறகுதான் பயன்படும்.

வேட்டைக்காக 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட இந்த மான்கள், வேட்டையாடும் விலங்குகள் இல்லாத காடுகளில் பெருகி, அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுடும் அளவுக்குத் தொல்லையாகின. 1969இல் பண்ணை வளர்ப்பைச் சட்டம் அனுமதித்ததும், அதுவரை சுட்டுத்தள்ளிய விலங்கை ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி உயிரோடு பிடிக்கத் தொடங்கினார்கள். பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு பழகிய மாட்டைப் போலன்றி, பண்ணை மான் காட்டை விட்டு வந்து சில தலைமுறைகளே ஆகின்றன. திறந்த பட்டியில் விரட்டினால் மிரண்டு வேலியில் மோதிக்கொள்ளும் மந்தை, உயரமான பலகைச் சுவரும் மங்கலான வெளிச்சமும் உள்ள கொட்டகைக்குள் அமைதியாகிவிடுவதற்கு அதுவே காரணம்.

ஆனால் மாட்டுக்காரர் உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது மானின் உடற்கடிகாரத்தை. பசு ஆண்டு முழுவதும் 21 நாளுக்கு ஒருமுறை சினைப் பருவத்துக்கு வரும் என்பதால், காளையை எப்போது சேர்ப்பது என்பதை உரிமையாளரே தீர்மானிக்கலாம். செம்மானிடம் அது நடக்காது. கண்ணில் படும் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்து, மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இரவு நேரத்தில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; இரவு நீள நீள அது சுரக்கும் நேரமும் நீண்டு, இலையுதிர்காலம் வந்துவிட்டதை இனப்பெருக்க உறுப்புகளுக்கு அறிவிக்கிறது. தென் அரைக்கோளமான அங்கே மார்ச், ஏப்ரலில் ஆண் மான் கர்ஜித்து, தீனியை ஏறக்குறைய மறந்து, முப்பது நாற்பது பிணைகளைச் சுற்றிவந்து உடல் இளைக்கிறது. ஏறத்தாழ 233 நாள் சினைக்குப் பிறகு, நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் குட்டிகள் பிறக்கின்றன.

கொம்பும் இதே கடிகாரத்துக்கு அடங்கியதுதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும் வசந்தத்தில் மென்மயிர்த் தோல் போர்த்திய இளங்கொம்பு வேகமாக வளர்கிறது. அந்த ஹார்மோன் ஏறியதும் அது எலும்பாக இறுகித் தோலை உதிர்க்கிறது. கொரியாவுக்கும் சீனாவுக்கும் மருந்துப் பொருளாக விற்க வேண்டுமானால், இறுகுவதற்கு முன்பே, ஏறத்தாழ 60ஆம் நாளில், மரத்துப்போகும் ஊசி போட்டு அறுத்தெடுக்க வேண்டும்.

இடறல் புல்லில் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் செழிப்பது அக்டோபர் வாக்கில். பிணைக்குப் பால் அதிகம் சுரக்க வேண்டியதோ புல் முற்றிக் காயும் ஜனவரியில். அந்த இடைவெளியை நிரப்பப் பண்ணையாளர்கள் செங்குளோவர் என்ற தீவனப் பயிரையும், நாம் காப்பித்தூளில் கலக்கும் அதே சிக்கரியையும் விதைக்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் இளமான்களுக்குப் பசியே குறைந்துவிடுவதால், அப்போது தீனியைக் கொட்டினாலும் எடை அதிகம் ஏறாது. ஐரோப்பாவின் இலையுதிர்கால வேட்டை இறைச்சிச் சந்தைக்கு அவை செப்டம்பர், அக்டோபரில் எடையோடு போயாக வேண்டும். பசி திரும்பும் வசந்தத்தின் அந்தச் சில வாரங்களுக்காகத்தான், விவரமறிந்தவர்கள் குளிர்காலம் முழுக்க ஒரு வயலை மேய்க்காமல் காத்து வைக்கிறார்கள்.