கண் பந்தை முந்திக்கொள்ளும் கலை

‘வேகப்பந்தை நல்லா ஆடுறது சச்சினா, கோலியா? கண்ணு கூர்மையா இருக்கிறதுதான் காரணமா சார்?’ என்று திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு எந்த டீக்கடையிலும் பதில் கிடைக்கும், கூடவே சண்டையும். இரண்டாவதுதான் அறிவியல். ஆனாலும் முதலாவதை அப்படியே விட எனக்கு மனசில்லை.

சராசரியை வைத்து ஒப்பிடுவதில் வில்லங்கம் உண்டு. கவாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 27 டெஸ்ட், 13 சதம், சராசரி 65.45. இதைச் சொன்னாலே விவாதம் முடிந்தது என்று எழுந்துபோகும் பெரியவர்கள் மதுரையில் நிறைய. ஆனால் அந்த 27 டெஸ்டில் அடித்த 2749 ரன்னில் 774 ரன் 1971 தொடர் ஒன்றிலேயே வந்தவை. ராபர்ட்ஸ், ஹோல்டிங் என்ற அவர்களின் வேகப்புயல்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் டெஸ்டுக்கு வந்தார்கள். அந்தத் தொடரைக் கழித்துக் கணக்குப் போட்டால் 53.4. அந்தப் பந்துவீச்சுக்கு எதிரே இது லேசுப்பட்ட எண் இல்லை. என் ஓட்டு அவருக்குத்தான். இருந்தாலும் சுழலில் எடுத்த ரன்னும் இதில் கலந்திருக்கிறது. மட்டையின் ஓரத்தில் எட்ஜ் வாங்கி, பின்னால் ஸ்லிப் வழியாக ஓடிய பவுண்டரியையும் நடுமட்டையில் வாங்கிய பவுண்டரியையும் ஸ்கோர்கார்டு ஒரே மாதிரி 4 என்றுதான் எழுதும். உண்மையான வித்தியாசத்தைப் பார்க்க ஆட்டக்காரரின் கண்ணுக்குள்தான் போக வேண்டும்.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று. மணிக்கு 145 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 40 மீட்டர். வீசுபவர் பக்கத்து கிரீஸ் கோட்டிலிருந்து அடிப்பவர் பக்கத்து கிரீஸ் கோட்டுக்கு 17.68 மீட்டர். வகுத்தால் 0.44 நொடி. காற்றும் தரையும் கொஞ்சம் வேகத்தை உறிஞ்சும் என்பதால் அரை நொடி என்று வைத்துக்கொள்வோம். குட் லென்த்தில், அதாவது மட்டைக்கு ரொம்பக் கிட்டவும் இல்லாமல் தூரவும் இல்லாமல் குத்திய பந்து மட்டைக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி. கண்ணில் பட்டதற்கு ஏற்பக் கையைத் திருப்ப மனிதனுக்கு ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்த நேரம் குறைவாக இருக்குமோ? 1987இல் பீட்டர் மெக்லியோட் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பிட்சில் விரிக்கும் மேட்டிங் விரிப்புக்கு அடியில் மரக்குச்சிகளை நீளவாக்கில் போட்டு, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்தார். ஆணி கழன்று சுருங்கிய விரிப்பில் ஆடியவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். சர்வதேச ஆட்டக்காரர்களை அதில் ஆடவிட்டு வேகக் கேமராவில் படம் பிடித்தார். பந்து குத்தித் திரும்பிய பிறகு அவர்கள் மட்டையின் போக்கு மாறவும் சுமார் 0.2 நொடி ஆனது. நமக்கும் அவர்களுக்கும் அதில் பேதமில்லை.

அப்படியானால் அந்த நேரத்தை எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2000இல் மைக்கேல் லாண்டும் மெக்லியோடும் மூன்று பேரின் தலையில் கண்ணசைவைப் பதியும் கேமராவை மாட்டி, பந்து வீசும் எந்திரத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர், ஒருவர் நல்ல அமெச்சூர், மூன்றாமவர் சுமார் ரகம். ‘பந்தின் மேலேயே கண்ணை வை’ என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள் இல்லையா? மூவரில் ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. பந்து புறப்பட்டதைப் பார்த்ததும் பார்வை பந்தை விட்டுவிட்டது. ஒரே தாவாகத் தாவி, பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் அங்கே காத்திருந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் விட்ட பஸ்ஸைப் பின்னாலேயே ஓடிப் பிடிக்கப் பார்க்காமல், சந்து வழியாகக் குறுக்கே போய் அடுத்த ஸ்டாப்பில் நிற்பதைப் போல. மூவருமே தாவினார்கள். நல்லவர் சீக்கிரம் தாவினார், சுமாரானவர் தாமதமாகத் தாவினார்.

ஏன் தாவ வேண்டும்? விழிக்கு ஓடுகிற பொருளை வழுக்கிக்கொண்டே தொடரும் திறன் ஓரளவுக்குத்தான். நொடிக்கு 100 பாகைக்கு மேல் போனால் திணறிவிடும். கண்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே, 3 மீட்டர் தள்ளி, நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் வரும் பந்தின் கோணம் நொடிக்கு 200 பாகை மாறும். துரத்திப் பயனில்லை. தாவும்போது கண் ஏறக்குறைய குருடு. மூளை அந்தக் காட்சியை அமுக்கிவிடுகிறது. நீங்களே பார்க்கலாம்: கண்ணாடி முன் நின்று இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் விழி நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

தாவிய கண்ணுக்கு இரண்டு தகவல் கிடைக்கிறது: கையை விட்ட பந்து எப்போது குத்தியது, அப்போது பார்வை எவ்வளவு தாழ்ந்திருந்தது. பழகிய பிட்சில் இந்த இரண்டே போதும், பந்து மட்டைக்கு எப்போது, எந்த உயரத்தில் வரும் என்பதை மூளை கணித்துவிடும். 2013இல் டேவிட் மான் குழு உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இருவரைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் தலையையே பந்தோடு சேர்த்துத் திருப்புகிறார்கள். கண் இரண்டாவது முறையும் தாவுகிறது, மட்டையில் பந்து படப்போகும் இடத்துக்கு.

இந்தக் கணிப்பு பழக்கத்தில் வருவது. வைகை மணலில் டென்னிஸ் பந்தை வெளுத்து வாங்கும் பையன் ஸ்டிச் பாலுக்கு (தோலில் தைத்த நிஜ கிரிக்கெட் பந்து) வந்ததும் தடுமாறுவது இதனால்தான். டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம், ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். லேசான பந்தைக் காற்று அதிகம் தடுக்கும், எழும்புவதும் வேறு மாதிரி. அவன் கண் பழைய கணக்கில் தப்பான இடத்துக்குப் போய் நிற்கிறது.

பார்வைக் கூர்மைக்கு இதில் நாம் நினைப்பதைவிடச் சின்னப் பங்குதான். இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பட்டோடி 1961இல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்த பிறகுதான் தன் 46 டெஸ்டையும் ஆடினார். சில மாதத்திலேயே மதராசில் 103 அடித்தார். ஆஸ்திரேலிய ஜாம்பவான் பிராட்மேனை 1940இல் ராணுவத்தில் சோதித்தபோது பார்வை சுமார் என்றே தெரிந்தது. எனவே கண்ணில் விடும் சொட்டுத் தைலம், ‘பார்வைசக்தி’ முகாம் என்று காசைக் கரைக்கும் பெற்றோர் சற்று நிதானிக்கலாம். பேட்டில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதில் செலவாவது குறைவு.

எனக்கு வருத்தம் பந்து வீசும் எந்திரத்தின் மேல்தான். பந்துவீச்சாளரின் கையையும் மணிக்கட்டையும் பார்த்தே, பந்து வெளியேறும் முன்பே, தேர்ந்த ஆட்டக்காரர்கள் பாதி ஊகித்துவிடுகிறார்கள் என்பது 2006இல் ஷான் முல்லர் குழு காட்டிய விஷயம். எந்திரத்துக்குக் கை ஏது? அதில் மணிக்கணக்கில் அடித்தால் அடி படியும், பந்துவீச்சாளரின் கையைப் படிக்க வராது. நம் அகாடமிகள் ஓடிவந்து வீசும் நாலு பையன்களுக்கு பஸ் காசும் புரோட்டாவும் கொடுத்தால் மேல்.

ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்று கல்லூரிகள் சொல்வதை இந்த விஷயத்தில் நான் ஏற்கமாட்டேன். அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த ஊர் நம் மதுரை. பக்கத்தில் நத்தத்தில் டி.என்.பி.எல். என்ற தமிழ்நாடு பிரீமியர் லீக் நடக்கும் மைதானம். கண்ணசைவுக் கருவி ஒன்று, ஒரு பிட்ச், ஓடிவந்து வீச ஆள். சச்சினைக் கூப்பிட வேண்டாம். மாவட்ட லீக் ஆடும் பத்துப் பேரையும் டென்னிஸ் பந்து ஆடும் பத்துப் பேரையும் நிறுத்தி, முதல் தாவல் எத்தனை மில்லி நொடியில் வருகிறது என்று அளந்தால், ஒரு முதுநிலை மாணவருக்கு அருமையான ஆய்வேடு தேறும்.