நண்பருக்குக் கேட்ட மாத்திரை

இந்தக் கோடையில் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அறுபதைத் தாண்டியவர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ரெண்டு நாளாக வாந்தி, கால் வீக்கம், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று மகன் அழைத்து வந்திருந்தார். புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "இல்லை டாக்டர்." மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை. மனைவிதான் கைப்பையைத் துழாவி ஒரு துண்டு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மாத்திரை அளவுக்குக் கத்தரியால் வெட்டியது. பெயர் வெட்டுப்பட்டுப் போய் 'ஃபெனாக்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சமிருந்தன. காலாவதித் தேதி எந்தத் துண்டோடு போனதோ தெரியாது.

"இது வாக்கிங் ஃபிரண்டு குடுத்தது டாக்டர், முட்டி வலிக்கு. இதுவும் மாத்திரைக் கணக்குல வருமா?"

வரும் அம்மா. வரும்.

மூன்று வாரமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டிருக்கிறார். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு கிரியாட்டினின்; ரத்தத்தில் அது 1.2 வரை இருந்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம். இவருக்கு 4-ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கே அட்மிஷன். டயாலிசிஸ் வரை போகாமல் தப்பித்தார், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

அவர் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் தனியாக ஓர் 'எச்' ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான். இந்த இரண்டோடு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். எம்.பி.பி.எஸ். மாணவனுக்கே தெரிந்த பாடம் இது. அதோடு கத்திரி வெயில், வியர்வை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது. மே மாதச் சென்னையில் இந்தக் கூட்டணி அமைய பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை.

அந்த நண்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷன், ஆஸ்பத்திரிக்கும் தினமும் வந்து போனார். "எனக்கு ஒத்துக்கிச்சே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைவலி வருவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவர் பூங்கா, நடேசன் பூங்கா, சிவன் பூங்கா, எங்கே வேண்டுமானாலும் காலையில் ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். நாலு சுற்று நடந்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது பாதி அரசியல், மீதி உடம்பு. "முட்டி வலி" என்று ஒருவர் ஆரம்பித்தால் "எனக்கும் அதேதான் சார்" என்று இன்னொருவர். அந்த 'அதேதான்' எப்படி அவருக்குத் தெரியும்? முட்டி வலி என்பது தேய்மானமாக இருக்கலாம். யூரிக் அமிலம் ஏறி வரும் கவுட்டாக இருக்கலாம். அதே நீர் மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும் என்பது தனிக் கதை. மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அது அவசர கேஸ். இடுப்பு மூட்டு கெட்டுப்போய் வலி முட்டியில் தெரியலாம், முதுகில் நரம்பு அழுந்தியும் வலிக்கலாம். ஐந்து பேரும் சொல்வது "முட்டி வலி"தான். ஐந்துக்கும் வைத்தியம் வேறு.

தலைசுற்றலும் இப்படித்தான். காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறு, ரத்தசோகை, சுகர் இறங்கியது, இதயத் துடிப்பு தாறுமாறானது, பிரஷர் மாத்திரை டோஸ் கூடிப்போனது, எல்லாமே தலைசுற்றல்தான். நண்பர் கொடுத்த சின்னரிசின் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு, கை நடுக்கமும் நடையில் தயக்கமும் வந்து, பார்க்கின்சன் என்று பயந்து வருகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறைய பேருக்கு மாத்திரையை நிறுத்தினால் மெல்ல மெல்லச் சரியாகிறது. அது தெரிவதற்குள் குடும்பம் ஒரு நியூராலஜிஸ்ட், ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ஒரு பரிகாரத் தலம் என்று சுற்றி வந்துவிடும்.

சரி, நோயே ஒன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆள் வேறு. அவர் வயிற்றில் பழைய புண் இல்லை, உங்களுக்கு இருக்கலாம். அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடவில்லை, நீங்கள் ஸ்டென்ட் வைத்தவர். அவருக்கு ஆஸ்துமா இல்லை. அவர் டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை அவர் ஐந்தே நாள் போட்டிருப்பார். உங்களிடம் வந்து சேரும்போது அந்தக் கெடு வழியில் எங்கோ தொலைந்துபோகும். அவர் போட்டது அவருடைய மற்ற மாத்திரைகளோடு, நீங்கள் போடுவது உங்களுடைய மற்ற மாத்திரைகளோடு. அவருக்கு ஒத்துக்கொண்டது என்பதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: அவருக்கு ஒத்துக்கொண்டது.

இது பெரியவர்கள் சமாசாரம் என்று ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். "மச்சி, தொண்டை வலியா? இந்த அசித்ரோமைசின் மூணு நாள் போடு, பட்டுனு கேக்கும்" என்று டெஸ்க் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுப்பது உங்கள் ஏரியாதான். தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸ், இந்த ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாது. மூன்று நாளில் தானாகவே குறையும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதே, டிசைனுக்காகப் போட்டதில்லை அது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

அப்புறம் படர்தாமரைக்குக் கைமாறும் கிரீம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வருவது சகஜம். ஹாஸ்டல் ரூமில் ஒரு டியூப் நாலு பேருக்குப் போகும். அந்தக் கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ரெண்டே நாளில் அரிப்பு நிற்கும், "சூப்பர் கிரீம்" என்று பெயர் வாங்கும். படர்தாமரையை உண்டாக்கும் காளான் கிருமி மட்டும் உள்ளே நிம்மதியாகப் பரவும். பிறகு வருகிறபோது அது படர்தாமரை மாதிரியே இருக்காது. தோல் டாக்டர்களே குழம்புவார்கள். வாரக்கணக்கில் முடிய வேண்டிய வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும். டவலையும் உள்ளாடையையும் தனியாக வைக்கச் சொன்னால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

எல்லாவற்றிலும் என்னைப் பயமுறுத்துவது சுகர் மாத்திரை. பொங்கல் வடை சாப்பிட்டு அரை மணியில், நண்பரின் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 190 காட்டுகிறது. உடனே நண்பர் தன்னுடைய கிளிமிபிரைடில் பாதி உடைத்துக் கொடுக்கிறார். டிபனுக்கு அப்புறம் பார்த்த ஒரு ரீடிங்கை வைத்து சுகர் வியாதி என்று யாரும் முடிவு கட்ட மாட்டார்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5, இந்த அளவைத் தொட்டால்தான் சந்தேகம். அதையும் பொதுவாக இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வோம். ஆனால் அந்தப் பாதி மாத்திரைக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. இருக்கிற சர்க்கரையை இறக்கிவிடும். வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, பக்கவாதமோ என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போறேன்" என்பார்கள். விட மாட்டோம். இந்த மாத்திரையில் சுகர் ஏறிய பிறகும் மறுபடி இறங்கும், ஒரு நாளாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் "பில் போடப் பார்க்கிறார்கள்" என்று பேச்சு வாங்குவோம்.

ஏன் நண்பரிடம் போகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திட்டிக்கொண்டே போவது நியாயமில்லை. சாயங்காலம் ஆறு மணி டோக்கனுக்கு ஒன்பதரைக்கு உள்ளே போனால் டாக்டர் தலை நிமிராமல் எழுதுகிறார். எதற்கு எந்த மாத்திரை என்று சொல்வதில்லை. முட்டிக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர்; ஆளாளுக்கு நாலு எழுதினால் மொத்தம் பன்னிரண்டு, அந்தப் பன்னிரண்டையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்க ஆளில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர் இருபது நிமிஷம் காது கொடுத்துக் கேட்கிறார். என் துறைக்காரர்களுக்கு இது உறுத்த வேண்டும். டோஸை எழுதத் தெரிந்த நமக்கு, "இதோடு வலி மாத்திரை போடாதீங்க" என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்?

ஆனால் கேட்கிற காது வேறு, மருந்து தெரிந்த கை வேறு. காதை நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் வரும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். சித்த மருந்து, லேகியம், புரோட்டீன் பவுடர், நண்பர் கொடுத்தது, எல்லாம். "வெள்ளையா சின்னதா ஒண்ணு" என்றால் எனக்குத் தெரியாது. பாதி மருந்துக் கடை வெள்ளையாகச் சின்னதாகத்தான் இருக்கிறது. கடையில் நாலு மாத்திரைதான் வாங்குகிறீர்கள் என்றால் பெயரும் தேதியும் உள்ள பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் முழு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது ரொம்பத் தொந்தரவோ அதை உள்ளே வந்ததும் முதலில் சொல்லுங்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும்போது "அப்புறம் டாக்டர், மாடி ஏறினா நெஞ்சு லேசா அடைக்குது" என்று சொல்லாதீர்கள். பிரஷர், சுகர் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினின் பாருங்கள்.

வெறும் வலிக்கோ காய்ச்சலுக்கோ வீட்டில் ஏதாவது வேண்டும் என்றால் பாராசிட்டமால் போதும். 650 என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஜலதோஷ மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், பார்த்துப் போடுங்கள். கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் அதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலக் காய்ச்சலில் வேறு வலி மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டது என்றும் நினைக்காதீர்கள், டெங்குவில் பலருக்கு மோசமாவது அந்தச் சமயத்தில்தான்.

டாக்டர் ஃபீஸ்தான் பிரச்சினை என்றால், உங்கள் பகுதி மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ராத்திரியில் சந்தேகம் என்றால் அரசு மருத்துவ ஆலோசனை எண் 104-க்கு போன் போட்டுக் கேட்கலாம். நெஞ்சு பாரம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வாய் கோணுவது, ஒரு கை விழுவது, இதற்கெல்லாம் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். 108. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அது "கொஞ்சம் படுத்துப் பார்க்கலாம்" என்பதிலேயே போய்விடுகிறது.

கடைசியாக, மாத்திரை கொடுக்கிற நல்ல மனசுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நண்பருக்கு வலி என்றால் அட்டையை வெட்டாதீர்கள், அவரோடு கிளினிக்குக்கு வாருங்கள். டோக்கன் நேரத்துக்குப் பேச்சுத் துணை ஆகும். உள்ளேயும் வாருங்கள். "ஒண்ணும் இல்லை டாக்டர்" என்று அவர் ஆரம்பிக்கும்போது, "பொய் சார், பத்து நாளா நொண்டுறாரு, ராத்திரி தூங்கறதே இல்லை" என்று போட்டுக்கொடுக்க ஒரு ஆள் எனக்கும் வேண்டும்.